ஏழாம் மாடிக்குப் பன்னிரண்டு காலங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அங்கே உன் இடுப்பு வலியும் அத்தானின் கோபமும் ஓரளவு தணிந்து, எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரிலேயே இருக்கிறது அக்கா. போன தடவை என் வீட்டுக்காரரைப் பற்றி நான் உன்னிடம் ரகசியமாகச் சொன்னதற்கு உன் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொன்னார். நல்ல பதில்தான், இருந்தாலும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இந்தக் கடிதத்தை நீ வழக்கம்போல் அத்தானுக்கு உரக்க வாசித்துக் காட்டலாம், ஆட்சேபணை இல்லை.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம் பல் துலக்கியது. இதை ஒரு சேதி என்று எழுதுகிறாளே என்று நினைக்காதே, இங்கிலீஷில் துலக்கினேன். எந்த வேலையைச் செய்தாலும் அதைச் செய்துகொண்டே எல்லா டென்ஸிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் இங்கிலீஷ் வகுப்பில் உன் மாப்பிள்ளை எங்களுக்குக் கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம். நான் துலக்குகிறேன், நான் துலக்கிக்கொண்டிருக்கிறேன், நான் துலக்கியிருக்கிறேன், நான் வெகுநேரமாகத் துலக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் வரிசையாகச் சொல்லச் சொல்ல, நுரையெல்லாம் கண்ணாடியில் தெறித்து என் முகமே எனக்குத் தெரியவில்லை. வெளியே என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “உள்ள யாரு?” என்றார். “நான்தான்” என்றேன். “கூட யாரு?” என்றார். “பிரசென்ட் பெர்ஃபெக்ட்” என்றேன். “அவங்க எப்ப வெளிய வருவாங்க? எனக்கு வேலைக்கு நேரமாச்சு” என்றார். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு பெண்ணுக்குத் தனியாக நிற்கக் கிடைக்கும் இடம் குளியலறை ஒன்றுதான். அதிலும் டென்ஸ் என்று பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் உன் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவரை எங்கள் ஆபீசுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகச் சிபாரிசு செய்ததே நான்தான், அவருக்கு வேலை இல்லையே என்று நீ அழுத அழுகையில். பிள்ளை கெட்டிக்காரர், சட்டையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது, வாக்கியத்திலும் அப்படித்தான். எங்கள் ஆபீஸ் என்ன ஆபீஸ் என்று அத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்பார், இந்தத் தடவையும் சொல்லிவிடு. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. நான் இருப்பது புகார்ப் பிரிவு. லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் எங்களுக்கு எழுதுவார்கள், நாங்கள் அவர்களுக்கு எழுதுவோம், மெக்கானிக் போய்ச் சரிசெய்வார். இந்த மூன்றில் முதல் இரண்டும் தவறாமல் நடக்கும். இனிமேல் பதிலெல்லாம் பிழையில்லாத இங்கிலீஷில் போக வேண்டும் என்று தலைமை ஆபீசில் சொல்லிவிட்டதால்தான் இந்த வகுப்பு. வகுப்பில் நாங்கள் தேறினால்தான் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம். நான் தேறினால் பிரிவுக்குத் தலைவி. ஆகவே குடும்பமே ஒரு கரும்பலகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

முதல் நாள் சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டினார். பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நமக்கு மூன்று காலம், நேற்று, இன்று, நாளை. அந்த மூன்றையும் தலைக்கு நாலாக அறுத்து அடுக்கிவைத்திருக்கிறார்கள் இங்கிலீஷ்காரர்கள். எங்கள் கேஷியர் கையைத் தூக்கி, “சார், பன்னெண்டையும் ஒரே ஆளு யூஸ் பண்ணணுமா, இல்ல ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கலாமா?” என்று கேட்டார். “எல்லாரும் எல்லாத்தையும்” என்றார் மாப்பிள்ளை. “நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறவன் சார். எனக்குப் பாஸ்ட் மட்டும் போதும்” என்றார் கேஷியர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை ஆயிற்றே. என்னை அவர் வகுப்பில் மேடம் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் நான் தப்புச் செய்துவிட்டால் மட்டும் ஆத்திரத்தில் மறந்துபோய், “அத்தை, வெர்ப் எங்க அத்தை?” என்று கத்திவிடுவார். என்னமோ நான் அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்த மாதிரி.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அட்டையைப் பிடித்திருந்தது. நாம் வைத்திருக்கிற மூன்று காலத்தை என்ன பாடு படுத்துகிறோம் என்று யோசித்துப் பார். என் வீட்டுக்காரர் போர்வையை விலக்காமலே “இதோ வந்துட்டேன்” என்பார். எங்கள் மெக்கானிக் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு “கிளம்பிட்டேன் மேடம்” என்பார். நீ மட்டும் என்னவாம், அடுப்பே பற்றவைக்காமல் அத்தானிடம் “ஆயிடுச்சு, உக்காருங்க” என்பாய். நடக்கப்போவது, நடக்கவே போகாதது எல்லாவற்றையும் நடந்து முடிந்ததாகச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர்கள் நாம். இங்கிலீஷில் அந்த விளையாட்டு நடக்காது, ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, செய்ததற்கு ஒன்று, செய்துகொண்டிருப்பதற்கு ஒன்று என்று நான் நம்பினேன். படித்தவளுக்கு வருகிற மடத்தனம் இது. அறை அதிகமாக இருக்கிற வீட்டில்தான் ஒளிந்துகொள்வது சுலபம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் மேனேஜருக்குத் தோன்றிவிட்டது.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது உள்ளே வந்தவர் அட்டையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட ஒரு மனிதர் அப்படி நின்றிருக்க மாட்டார். “தம்பி, இதெல்லாம் ஒரே வேலையைத்தான் சொல்லுதா?” என்று கேட்டார். “ஆமா சார், ஒரே வேலை, பன்னெண்டு விதமா” என்றார் மாப்பிள்ளை பெருமையாக. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து புகார்ப் பிரிவின் வேலைமுறையே மாறிவிட்டது. புகார் வந்ததும் ‘பார்ப்போம்’ என்று ஒரு பதில். ஜனங்கள் மறுபடி எழுதினால் ‘பார்த்துக்கொண்டிருப்போம்’. அதற்கும் அடங்காவிட்டால் ‘பார்க்கிறோம்’, பிறகு ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’, பிறகு ‘வெகுநாளாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்’. இப்படி அட்டையில் கட்டம் கட்டமாக நகர்ந்து, கடைசியில் ‘பார்த்தாயிற்று’ என்ற கட்டத்துக்கு வந்ததும் புகார் முடிந்தது, அந்தத் தாளைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். லிஃப்ட் இதில் எங்கே வருகிறது என்று கேட்காதே. நானும் கேட்டேன். “லிஃப்ட் டெக்னிகல் சைடும்மா. நாம கரஸ்பான்டன்ஸ் சைடு” என்றார் மேனேஜர்.

இந்தச் சமயத்தில்தான் ஏழாம் மாடி வந்து சேர்ந்தார். எங்கள் ஆபீசில் புகார் செய்கிறவர்களுக்குப் பெயர் கிடையாது, அவர்கள் எந்த மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ அதுதான் பெயர். இவர் ஒரு பழைய கட்டிடத்தின் உச்சி மாடியில் இருக்கிறார். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரும் அவர்தான். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவர், லிஃப்ட் நின்றபிறகு தரையை மிதிக்கவே இல்லை. நெடுநாளாக லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரே வரியில் இங்கிலீஷில் எழுதியிருந்தார். அந்த நேரம் பார்த்து உன் மாப்பிள்ளை செய்முறைப் பயிற்சி என்று எங்கள் பிரிவில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். டென்ஸ் தப்பாம். மேனேஜர் எட்டிப் பார்த்தார். “தப்பான டென்ஸ்ல வர்ற கம்ப்ளெயின்ட்டை நாம எப்படிம்மா ஏத்துக்கறது? லிஃப்ட் முன்னாடி ஓடலையா, இப்ப ஓடலையா, இனிமே ஓடாதா? தெளிவா இல்லையே” என்று சொல்லி, திருத்தி அனுப்பும்படி திருப்பிவிட்டார். பாவம் அந்த மனிதர், யாரையோ பிடித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் திருத்தி அனுப்பினார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா அத்தை, என்ன ஒரு இம்ப்ரூவ்மென்ட்!” என்றார். “லிஃப்ட்டா?” என்றேன். “சென்டென்ஸ், அத்தை” என்றார்.

அதற்குப் பிறகு ஏழாம் மாடிக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பாயிற்று. எனக்குக் கையெழுத்து அழகு, அது உனக்கே தெரியும். கட்டம் கட்டமாக எழுதினேன். ஒவ்வொன்றும் மாப்பிள்ளை பார்த்துச் சரி என்று சொன்னது. கடைசிக் கட்டம் வந்தது. ‘தங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது’ என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். பேனா நின்றது. மேனேஜரிடம் போய், “சார், யாரும் அங்க போகவே இல்லையே” என்றேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “யாரு பழுதுபாத்தாங்கன்னு அதுல இருக்கா?” “இல்ல சார்.” “எப்ப பாத்தாங்கன்னு இருக்கா?” “இல்ல சார்.” “ஆளும் இல்ல, தேதியும் இல்ல. அப்புறம் எப்படிம்மா பொய்யாகும்?” என்றார். கையெழுத்துப் போட்டேன் அக்கா. அந்த வாரமே எங்கள் கிளையில் நிலுவையில் ஒரு புகார்கூட இல்லை என்று தலைமை ஆபீசிலிருந்து பாராட்டு வந்தது. எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

பதில் கிடைத்த அன்றைக்கே ஏழாம் மாடி ஃபோன் செய்தார். கோபப்படுவார் என்று நினைத்து ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தேன். “அம்மா, உங்க லெட்டர் வந்துது. இங்கிலீஷ் ரொம்ப அழகா இருக்கு. கீழ இறங்கறதுக்கு அதுல ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார். “உங்க வீட்டுல யாரும் உதவிக்கு இல்லையா சார்?” என்றேன். அவர் மனைவி கீழே தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாராம். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவாராம், நடுவில் ஏற மூட்டு விடவில்லை. மருந்தும் சாமானும் கயிற்றில் கட்டின வாளியில் மேலே போகின்றனவாம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மாடியிலேயே சங்கத்து ஹால் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறந்து, காலி நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாராம். “நாற்காலிக்கெல்லாம் என்னை நல்லாத் தெரியும்மா” என்று சொல்லிச் சிரித்தார்.

மெக்கானிக்கைப் பிடித்தேன். ஆபீசில் அவருக்குக் கிரீஸ் என்று பெயர். “ஏன்யா போகல?” என்றேன். “போனேன் மேடம், யாரும் சொல்லாமலே போய்ப் பாத்தேன். ஒரே ஒரு பார்ட்தான் போயிருக்கு. அது வந்தா ஒரு மணி நேர வேலை.” “அப்ப கேட்டு வாங்க வேண்டியதுதானே?” “ஸ்டோர்ல கேட்டேனே. லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களாம். ஓடற லிஃப்ட்டுக்கு எதுக்குய்யா பார்ட்டுன்னு என்னைத் திருடனாட்டம் பாக்கறான் மேடம்” என்றார். அதுவரை நான் எழுதியது வெறும் பொய் என்று நினைத்திருந்தேன். பொய் என்றால் அது ஒரு ஓரமாகக் கிடக்கும், நிஜம் தன் பாட்டுக்கு நடக்கும். இது அப்படி இல்லை. என் அழகான கையெழுத்து அந்த லிஃப்ட்டுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டிருக்கிறது. நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் இந்நேரம் தெருமுனைவரை நடந்திருப்பார்.

மேனேஜரிடம் போய்ப் புகாரை மறுபடி திறக்கச் சொன்னேன். “திறந்தா, முன்னாடி முடிஞ்சுதுன்னு எழுதினது பொய்னு ஆயிடும்” என்றார். “ஆமா சார்.” “அதுல யாரு கையெழுத்து?” “என்னோடது சார்.” “பாத்துக்கங்கம்மா. உங்க புரமோஷன் ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு. உங்க மாப்பிள்ளையோட ஆர்டரும் அதே ஃபைல்லதான் இருக்கு” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. டீ சாப்பிடுறீங்களா என்றுகூடக் கேட்டார். மாப்பிள்ளையிடமும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “கிராமர்படி உங்க லெட்டர்ல ஒரு தப்பும் இல்ல அத்தை. ஆனா…” என்றார். அப்புறம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் முடிக்காமல் விட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

சரி, அதையெல்லாம் விடு. நல்ல சேதிக்கு வருகிறேன். நாங்கள் எல்லோரும் தேறிவிட்டோம், கேஷியர் உள்பட. அடுத்த மாதம் சான்றிதழ் கொடுக்க டைரக்டரே வருகிறார். என் பதவியும் மாப்பிள்ளையின் நிரந்தரமும் அவர் கையாலேயே. விழாவுக்கு இடம் பார்க்கிற பொறுப்பை மேனேஜர் என்னிடம் விட்டிருக்கிறார். டைரக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு, எங்கே போனாலும் நம் கம்பெனி லிஃப்ட் ஒன்றில் ஏறி, தானே பட்டனை அமுக்கிப் படம் எடுத்துக்கொள்வார். “அதனால நாம மெயின்டெயின் பண்ற பில்டிங்கா பாருங்கம்மா. நம்ம ரெக்கார்டுலதான் ஒரு இடத்துலயும் ஒரு ஃபால்ட்டும் இல்லையே, எதை வேணாலும் எடுங்க” என்றார். ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு கட்டிடம், கீழ்த்தளத்திலேயே ஹால், காரை வாசலிலேயே நிறுத்தலாம், படத்துக்குப் பக்கத்திலேயே லிஃப்ட்டும் ஓடுகிறது. அதையே பேசி முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். அத்தானுக்கு ஒரு படிகூட ஏற வேண்டியிருக்காது. ஏழாம் மாடியைப் பற்றி இனி யோசிப்பதில்லை. ஊரில் எத்தனையோ மாடி, எத்தனையோ லிஃப்ட், ஒவ்வொன்றுக்காகவும் மனசை உடைத்துக்கொண்டால் நாம் குடித்தனம் பண்ணமுடியுமா? நீ, அத்தான், சம்பந்தி வீட்டார் எல்லோரும் அவசியம் வர வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். சம்பந்தியம்மாவை மிகவும் விசாரித்ததாகச் சொல். பேரக்குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் என் நன்றி, அவர் சொன்ன யோசனை பலித்தது. கடவுள் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை

பின்குறிப்பு: அக்கா, வாய்விட்டுப் படித்தது போதும். பாலை அடுப்பில் வைத்தேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு மனசுக்குள் படி. இன்று காலை நான் முதலில் செய்தது பல் துலக்கியது அல்ல. அதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் போர்வைக்குள் இருக்கும்போதே, ஏழாம் மாடிக்கு ஃபோன் செய்தேன். உங்க ஹால் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். “சும்மாதாம்மா கிடக்கு. ஆனா யாரு ஏறி வருவா? லிஃப்ட் இல்லையே” என்றார். “எங்க ரெக்கார்டுபடி இருக்கு சார்” என்றேன். அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “வர்றவங்கள்ல கனமான ஆளுங்க இருக்காங்களா?” என்று கேட்டார். “எல்லாருமே பெரிய மனுஷங்க சார்” என்றேன். “அப்ப குடிக்கத் தண்ணி நிறைய வெக்கறேன்” என்றார். யாருடைய விழா, எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் ஏறியும் பார்த்துவிட்டேன். நாலாம் மாடிக்கு மேல் பேச்சு வராது. ஹால் நன்றாகப் பெருக்கி வைத்திருக்கிறது, நாற்காலிகளைச் சுற்றித் தரை தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது. அழைப்பிதழில் விலாசம் போடுகிற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. நாளைக் காலை அதில் இந்தக் கட்டிடத்தின் விலாசத்தை என் அழகான கையெழுத்தில் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். மேனேஜர் பார்த்துத் தடுத்தால், அங்கே லிஃப்ட் ஓடவில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே பார்ட் வந்துவிடும். தடுக்காவிட்டால் டைரக்டர் கீழே நின்று பட்டனை அமுக்கட்டும், படம் எடுக்கிறவரும் பக்கத்திலேயே இருப்பார். என் பதவி போகும், போகட்டும். மாப்பிள்ளைக்கும் வேலை போனால் உன் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து இருக்கட்டும், குளியலறையில் ஏற்கெனவே பன்னிரண்டு பேர், இன்னும் இரண்டு பேரால் ஒன்றும் குறைந்துவிடாது. அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான்தான் முடிக்கிறேன் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அந்த அட்டையில் எனக்குக் கடைசிவரை விளங்காத கட்டம் ஒன்று இருந்தது, இனிமேல் வரப்போகிற ஒரு நேரத்தில் ஒரு காரியம் ஏற்கெனவே முடிந்திருக்கும் என்பது. இப்போது விளங்கிவிட்டது. டைரக்டர் ஏழாம் மாடிக்கு வந்து சேரும்போது அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

இந்த முடிவை வீட்டிலும் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை. இந்த வரிவரை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அத்தானுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் வா. தட்டையான செருப்பாகப் போட்டுக்கொள்.